போனில் பாட்டுத் தரமாகக் கேட்க எதை முதலில் பார்க்க வேண்டும், எதற்குக் காசு போட வேண்டும்?

நீங்கள் எழுதியிருந்தது இது: "மாங்குளத்தில இருந்து ஒவ்வொரு நாளும் வவுனியாவுக்கு பஸ்ஸில வேலைக்குப் போய் வாறன். யூடியூபில இருந்து 320 எண்டு போட்டு இறக்கின பாட்டுத்தான் கேக்கிறது, ஆனாலும் சவுண்ட் மொட்டையா இருக்கு. புதுப் போனில ஹேண்ட்ஸ்பிரீ குத்துற ஓட்டையும் இல்லை. எந்தச் செயலி போட்டா நல்ல சவுண்ட் வரும்? வெளியால பூட்டுற டாக் வாங்கலாமோ? வீட்டு செற்றுக்குக் குடுத்தா மியூசிக் வருது, பாடுறவரின்ர குரல் மட்டும் காணாமப் போகுது. அது ஏன்?"

செயலியின் பெயரைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது, பாட்டு ஃபைலில் இருந்து உங்கள் காதுக்கு வரும் வழியில் தரம் எந்த இடத்தில் சிந்துகிறது, அந்த இடத்தை எவ்வளவு காசில் அடைக்கலாம் என்பது. அந்த வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலாவது, இயர்போனும் அது காதில் இருக்கிற விதமும். இரண்டாவது, ஃபைல். மூன்றாவது, புளூடூத். டாக் (டிஜிட்டல் பாட்டை இயர்போனுக்குப் போகும் மின்னலையாக மாற்றும் கருவி), சீடியை மிஞ்சிய தரம் என்று தரப்படும் உயர் தெளிவு ஃபைல்கள், செயலிகள் எல்லாம் அதற்கும் பிறகுதான். பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக் கொண்டு போய்க் காசைக் கரைக்கிறார்கள்.

காதில் இருந்து தொடங்குவோம். காதுக்குள் செருகும் வகை இயர்போனில் பேஸ் வருவதற்கு காதுத் துவாரம் காற்றுப் புகாமல் அடைபட்டிருக்க வேண்டும். சின்ன இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலிகள் அதனூடாக வெளியேறிவிடும். மிஞ்சுவது மெலிந்த, தகரம் தட்டியது போன்ற சத்தம். நீங்கள் "மொட்டை" என்று சொல்வது அநேகமாக இதுதான். பெட்டியில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று சோடி ரப்பர் முனைகள் வந்திருக்கும். பெரும்பாலானோர் பூட்டி வந்த நடுத்தரத்தையே கழற்றிப் பார்க்காமல் பாவிக்கிறார்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றில்லை, இடதுக்கு ஒன்றும் வலதுக்கு வேறொன்றும் பொருந்தலாம். செருகும்போது மற்றக் கையால் காது மடலை மேலும் பின்னுமாகச் சற்று இழுத்துப் பிடித்துச் செருகி, பிறகு விடுங்கள். சரியாக அடைபட்டால் வெளிச்சத்தம் சட்டென்று குறையும், உங்கள் சொந்தக் குரல் தலைக்குள் கேட்பது போல இருக்கும். ரப்பர் நிற்கவே மாட்டேன் என்றால் நுரை முனைகள் கிடைக்கின்றன. விரல்களுக்கிடையில் நசித்துச் செருகினால் காதுக்குள் விரிந்து அடைக்கும்.

பஸ்ஸில் கேட்கும் உங்களுக்கு இது இரட்டிப்பாக முக்கியம். எஞ்சினின் உறுமல் தாழ்ந்த ஒலி. பாட்டின் பேஸையும், தவிலின் தாழ்ந்த பக்கமான தொப்பியின் அடியையும் அது அப்படியே மூடிவிடும். அதை வெல்ல எல்லோரும் வொலியூமைக் கூட்டுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 40 மணித்தியாலம், 80 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் அரைவாசியாகும்: 83 என்றால் 20 மணித்தியாலம், 90 டெசிபெல் என்றால் வாரத்துக்கு வெறும் 4 மணித்தியாலம். நாளுக்கு இரண்டு பயணம் பஸ்ஸில் போகும் ஒருவர் இரண்டு மூன்று நாளில் அதைத் தாண்டிவிடலாம். போன கேள்வித்திறன் திரும்பி வராது. ஆகவே சத்தத்தைக் கூட்டாதீர்கள், வெளிச்சத்தத்தை அடையுங்கள். இரைச்சலை அதற்குத் தலைகீழான ஒலி அலையால் குறைக்கும் (நோய்ஸ் கான்சலிங்) வசதியுள்ள புளூடூத் இயர்போன்கள் சரியாக இந்த எஞ்சின் உறுமலில்தான் நன்றாக வேலை செய்யும். பஸ்ஸுக்குள் அது விளம்பரப் பேச்சு அல்ல, உண்மையான பலன். பக்கத்துச் சீட்டுக் கதையை அது அவ்வளவாகக் குறைக்காது. பஸ்ஸால் இறங்கி ஏ9 வீதியில் நடக்கும்போதோ சைக்கிளில் போகும்போதோ கழற்றிவிடுங்கள்.

எந்த இயர்போன் என்று கேட்டால், மொடல் பெயர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். கடைக்குப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான மூன்று நான்கு பாட்டுகளைப் போனில் கொண்டு போங்கள். அதில் ஒன்று நல்ல ஒலிப்பதிவிலான நாதஸ்வரம், தவில் கச்சேரியாக இருக்கட்டும். மனிதக் காது ஆகக் கூர்மையாக உணர்வது 2 முதல் 5 கிலோஹேர்ட்ஸ் வரை. நாதஸ்வரத்தின் பளிச்சென்ற தன்மையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அந்த இடத்தைத் தூக்கிவைத்த மலிவு இயர்போனில் நாதஸ்வரம் காதைக் குத்தும், அமுக்கிவைத்ததில் போர்வைக்குள் ஊதுவது போல இருக்கும். தவிலில் வலந்தலையின் கூரான அடியும் தொப்பியின் கும்மென்ற அடியும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். தொப்பி அடி பரவிப் போய் வலந்தலையையும் மூடினால் அந்த இயர்போனில் 100 முதல் 200 ஹேர்ட்ஸ் வரை வீங்கியிருக்கிறது. கடையில் முதல் பத்து விநாடி "எக்ஸ்ட்ரா பேஸ்" அருமையாக இருக்கும், ஒரு மணித்தியாலம் கேட்டால் களைக்கும். பெட்டியில் தடை (இம்பீடன்ஸ்) 16 அல்லது 32 ஓம், உணர்திறன் (சென்சிடிவிட்டி) ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல் அளவில் எழுதியிருந்தால் எந்தப் போனும் அதைத் தாராளமாக ஓட்டும். 32 ஓமில் அந்த 100 டெசிபெலுக்குத் தேவை ஏறத்தாழ 0.18 வோல்ட்தான். ஸ்ரூடியோவுக்குச் செய்த 250, 300 ஓம் ஹெட்போன்களை போனுக்கு வாங்க வேண்டாம்.

புதிது வாங்க முன் பழையதைத் துப்புரவாக்குங்கள். ஒரு பக்கம் சத்தம் குறைந்துவிட்டது என்று எறியப்படும் இயர்போன்களில் பலவற்றில் பழுதே இல்லை. முனையில் உள்ள வலையில் காதுக்குறும்பி அடைத்திருக்கும். ரப்பரைக் கழற்றி, வலை கீழே பார்க்கும்படி பிடித்து, காய்ந்த மென்மையான பல்துலக்கியால் தட்டிவிடுங்கள். நிமிர்த்திப் பிடித்துத் தேய்த்தால் ஊத்தை உள்ளேதான் இறங்கும். தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்துச் செம்மண் புழுதி கோடையில் சார்ஜர் துவாரத்துக்குள்ளும் போய்ப் படியும். போனை நிறுத்திவிட்டு மெல்லிய ஈர்க்கால் கவனமாகக் கிளறி எடுக்கலாம். ஊசி, குண்டூசி எதையும் உள்ளே விடாதீர்கள்.

இனி ஃபைல். உங்களுடைய "320", அதாவது விநாடிக்கு 320 கிலோபிட் என்பது, உண்மையான 320 அல்ல. யூடியூபின் சாதாரண ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 128 முதல் 160 கிலோபிட். இறக்கித்தரும் தளங்கள் அதை எடுத்து 320 எம்பி3 ஆகத் திரும்பச் சுருக்குகின்றன. தொலைந்த தரம் இதனால் திரும்புவதில்லை. இரண்டாம் முறை சுருக்கும்போது இன்னும் கொஞ்சம் போகிறது, ஃபைல் மட்டும் இரண்டு மடங்கு பருக்கிறது. மங்கிய பிரதி ஒன்றைப் பெரிய தாளில் போட்டோக்கொப்பி எடுத்தது போலத்தான். கணினி இருந்தால், பாட்டில் எந்த உயரம் வரை ஒலி இருக்கிறது என்பதை நிறப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து பாருங்கள். உண்மையான 320இல் நிறம் 20 கிலோஹேர்ட்ஸுக்குக் கிட்ட வரை போகும். 128இல் இருந்து பெருப்பித்ததில் பெரும்பாலும் 16 கிலோஹேர்ட்ஸ் அளவில் கத்தியால் வெட்டியது போல நிற்கும். சில பழைய ஒலிப்பதிவுகளில் அந்த உயரத்தில் இயல்பாகவே எதுவும் இருக்காது. ஆகவே நேராக வெட்டிய கோடு தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் மூலப்பதிவு. ஒரே பாட்டைப் பத்துப் பேர் ஏற்றியிருப்பார்கள். ஒன்று தேய்ந்த கசெற்றில் இருந்து எடுத்தது, வேகம் கூடிச் சுருதி ஏறியிருக்கும். இன்னொன்றில் எதிரொலி சேர்த்திருப்பார்கள். இசை நிறுவனம் தானே வெளியிட்ட பதிவை எடுங்கள். நல்ல மூலத்தில் இருந்து வந்த 128, கெட்ட மூலத்தின் 320ஐ எந்த நாளும் வெல்லும். 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் பதிவுகள் போன்றவை அந்தக் கால நாடாவில் எடுத்தவை. அவற்றுக்கு உயர் தெளிவு ஃபைல் தேடி மினக்கெட வேண்டியதில்லை. இருப்பதில் தேய்வு குறைந்த பிரதியைத் தேடுங்கள், அந்த வாசிப்புக்காகக் கேளுங்கள்.

சட்டப்படி கேட்கும் வழியில், ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்தது. காசு கட்டாத கணக்கில் ஆகக் கூடியது 160 கிலோபிட், கட்டினால் 320உம் கிடைக்கும். ஆனால் தானாக அது 320இல் ஓடாது. செற்றிங்ஸில் ஒலித்தரம் என்ற பகுதிக்குப் போய் வைஃபை, மொபைல் டேட்டா, டவுன்லோட் மூன்றையும் தனித்தனியாக ஆகக் கூடிய தரத்துக்கு மாற்ற வேண்டும். சிக்னலுக்கு ஏற்பத் தரத்தைக் குறைக்கும் தானியங்கி வசதியையும் நிறுத்த வேண்டும். மாங்குளம் தாண்டிக் காட்டுப் பகுதிகளில் சிக்னல் விழுந்து எழும்பும் இடங்களில் அந்த வசதி சொல்லாமல் கொள்ளாமல் தரத்தை இறக்கிவிடும். வீட்டில் அல்லது வேலையிடத்தில் வைஃபையில் முதலே இறக்கி வைப்பது ஆக நல்லது. கணக்கு இலகுவானது: 320இல் நாலு நிமிடப் பாட்டு 9.6 மெகாபைட், ஒரு மணித்தியாலம் 144 மெகாபைட். இழப்பில்லாத ஃபிளாக் ஃபைல் ஒரு பாட்டுக்குப் பொதுவாக 25, 30 மெகாபைட் வரும். அதே ஸ்பொட்டிஃபையில் வொலியூம் அளவை "லவுட்" என்று வைத்திருந்தால் "நோர்மல்" ஆக்குங்கள். லவுட் நிலை பாட்டின் உச்சங்களை அமுக்கி மொத்தத்தையும் சத்தமாக்குகிறது. தவிலின் உயிரே அந்த உச்சங்களில்தான்.

புளூடூத்தில் பாட்டு இன்னொரு முறை சுருக்கப்பட்டுத்தான் காற்றில் போகிறது. எந்த முறையில் சுருக்குவது என்பதைப் போனும் இயர்போனும் தமக்குள் பேசி முடிவெடுக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவானது எஸ்பிசி, நல்ல நிலையில் விநாடிக்கு 328 கிலோபிட். ஏஏசி ஏறத்தாழ 256. ஏப்டிஎக்ஸ் 352, அதன் எச்டி வகை 576. எல்டாக் 330, 660, 990 என்று மூன்று நிலை. ஐபோன் எஸ்பிசியும் ஏஏசியும் மட்டுமே தரும், ஆகவே ஐபோன்காரர் எல்டாக் என்று எழுதிய இயர்போனுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் பயனில்லை. அண்ட்ரொய்டில் பார்க்க, போனைப் பற்றிய பகுதியில் பில்ட் நம்பர் என்பதை 7 முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அதற்குள் புளூடூத் ஓடியோ கோடெக் என்ற இடத்தில் இப்போது எது ஓடுகிறது என்று தெரியும். எல்டாக் இருந்தால் 660இல் வையுங்கள். ஆட்கள் நிறைந்த பஸ்ஸில் 990 அடிக்கடி அறும், ஏனென்றால் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை மனித உடம்பு விழுங்குகிறது. போன் பின் பொக்கற்றில் இருந்தாலே துண்டு துண்டாக வரலாம். திடீரென்று பாட்டு ரெலிபோனில் கேட்பது போல மாறினால் அது தரக்குறைவு அல்ல. ஏதோ ஒரு செயலி மைக்கைப் பிடித்திருப்பதால் இயர்போன் அழைப்பு நிலைக்குப் போய்விட்டது. வாட்சப் அழைப்பையோ குரல் உதவியாளரையோ முற்றாக மூடினால் திரும்பிவிடும்.

வயர் இயர்போனை விட மனமில்லை என்றால், போனின் சார்ஜர் துவாரத்தில் குத்தும் யூஎஸ்பி-சி மாற்றி (அடப்டர்) வாங்க வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் வயர், மற்றது தலைக்குள் சின்ன டாக் சிப் உள்ளது. வெறும் வயர் வகை ஒலியை நேரே வெளிவிடும் சில போன்களில் மட்டுமே வேலை செய்யும், மற்றதில் ஒரு சத்தமும் வராது. டாக் உள்ளது என்று பெட்டியில் எழுதியிருப்பதை வாங்குங்கள். நீங்கள் கேட்ட "வெளியால பூட்டுற டாக்" உங்களுக்கு இந்த அளவில் போதும். சில கம்பனிப் போன்களில் செற்றிங்ஸில் ஓடிஜி என்பதை இயக்கினால்தான் அது வேலை செய்யும், கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தானே நின்றுவிடும். ஆப்பிளின் சின்ன மாற்றி தரமானது, ஆனால் பல அண்ட்ரொய்ட் போன்களில் சத்தம் குறைவாக வரும். பெரிய விலை டாக்குக்கும் நல்ல சின்ன மாற்றிக்கும் உள்ள வித்தியாசம், சாதாரண இயர்போனுக்கும் நல்ல இயர்போனுக்கும் உள்ள வித்தியாசத்தின் ஒரு துளிகூட இல்லை.

இப்போது குரல் காணாமல் போகும் விசயம். பாட்டில் பாடுபவரின் குரல் இடது, வலது இரண்டிலும் ஒரே அளவாகப் பதிந்திருக்கும். பின்னணி வாத்தியங்கள் இரு பக்கமும் வேறுபடும். இரண்டுக்கும் பொதுவான நிலவயர் சரியாகத் தொடாவிட்டால் உங்களுக்குக் கேட்பது இடதில் இருந்து வலதைக் கழித்த மிச்சம். இரண்டிலும் சமமாக உள்ள குரல் கழிபட்டுப் போகும், வாத்தியம் குகைக்குள் கேட்பது போல மிஞ்சும். இது உறுதி. அதற்கான காரணம் நாலில் ஒன்றாக இருக்கும். பிளக் முழுதாக உள்ளே போகவில்லை. துவாரத்தின் அடியில் தும்பு சேர்ந்து தடுக்கிறது. பிளக்கில் மூன்று கறுப்பு வளையம் உள்ள, மைக்குக்கும் சேர்த்துச் செய்த வயரைப் பாவிக்கிறீர்கள். அல்லது அம்பிளிபயரின் மைக் துவாரத்தில் ஸ்ரீரியோ வயரைக் குத்துகிறீர்கள். சில அம்ப்களில் அந்தத் துவாரம் இரண்டு வயரின் வித்தியாசத்தையே எடுக்கும்படி செய்யப்பட்டது, அங்கேயும் அதே கழித்தல்தான் நடக்கிறது. இரண்டு கறுப்பு வளையம் மட்டும் உள்ள பிளக், மறுமுனையில் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ முனைகள் கொண்ட வயரை வாங்கி, பிளக்கை மேலே சொன்ன டாக் உள்ள மாற்றியிலும், மறுமுனையை அம்பில் ஓக்ஸ் அல்லது லைன் என்று எழுதிய இடத்திலும் குத்துங்கள். கோயில் செற் போல ஒரே ஒரு வழி உள்ள அம்ப் என்றால், போனில் அணுகல்தன்மை (அக்சஸிபிலிட்டி) பகுதியில், இடது வலது இரண்டையும் ஒன்றாக்கும் மோனோ ஒலியை இயக்கி, வெள்ளை முனையை மட்டும் கொடுங்கள். ஒரு பக்கத்து வாத்தியமும் தொலையாது. பிறகு இயர்போனில் கேட்கும்போது மோனோவை மறக்காமல் நிறுத்துங்கள்.

செற்றுக்குக் கொடுக்கும்போது போனின் வொலியூமை 80, 90 வீதத்தில் வைத்து அம்பில் கூட்டிக் குறையுங்கள். போனில் குறைத்து அம்பில் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும். சார்ஜ் ஏறும்போது மட்டும் "ம்ம்ம்" என்ற உறுமல் வந்தால் அது நம் 50 ஹேர்ட்ஸ் கரண்டின் குரல், சார்ஜர் வழியாக வருகிறது. சார்ஜரைக் கழற்றுங்கள், அல்லது பவர் பாங்க்கில் போடுங்கள். வயரின் நடுவே பூட்டும் சிறிய தனிமைப்படுத்தும் டிரான்ஸ்போமரும் உறுமலை நிறுத்தும், ஆனால் மலிவானவை பேஸைக் கொஞ்சம் தின்னும்.

செயலிகளைப் பற்றிக் குறைவாகவே சொல்லலாம். பவர்அம்ப், விஎல்சி, ஃபூபார்2000 எதுவானாலும் ஒரே ஃபைலை விளைவுகள் எதுவும் இல்லாமல் ஓட்டினால் ஒரே மாதிரித்தான் கேட்கும். தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசர் மட்டும் பயன் தரும். அதிலும் ஏற்றுவதைவிட இறக்குவது நல்லது. பேஸ் வேண்டுமென்று 6 டெசிபெல் ஏற்றினால் முன்பெருக்கத்தை (பிரீஅம்ப்) 6 டெசிபெல் இறக்குங்கள், இல்லாவிட்டால் உச்சங்கள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். குரல் மந்தமாக இருந்தால் 250 முதல் 400 ஹேர்ட்ஸை 2, 3 டெசிபெல் குறைத்துப் பாருங்கள். "ஸ்" ஒலி குத்தினால் 6 முதல் 8 கிலோஹேர்ட்ஸை. போனின் டொல்பி போன்ற வசதிகளைப் போட்டதும் நன்றாக இருப்பதாகத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் சத்தம் கூடுவதுதான். வொலியூமைச் சமப்படுத்திவிட்டு ஒப்பிட்டு, அதன் பிறகும் பிடித்தால் வைத்திருங்கள்.

விவாதத்துக்குரியது உயர் தெளிவு ஃபைல்கள். சீடியின் 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ் அளவு 96 டெசிபெல் வீச்சையும் 22 கிலோஹேர்ட்ஸ் வரையான ஒலியையும் தருகிறது. மனிதக் காது இளமையில் 20 வரை கேட்கும், நடுவயதில் பலருக்கு 15கூட எட்டாது. 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸில் வித்தியாசம் கேட்கிறது என்பவர்களும் இல்லை என்பவர்களும் இன்னும் வாதாடுகிறார்கள். 256 ஏஏசி அல்லது உண்மையான 320 எம்பி3க்கும் சீடிக்கும் இடையிலேயே, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்கும்போது பெரும்பாலானோரால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. பஸ்ஸில் அது கேட்கவே கேட்காது. ஆனால் வீட்டில் யாரிடமாவது இடப்பெயர்வுகளில் காப்பாற்றிக் கொண்டு வந்த பழைய கசெற் இருந்து அதைக் கணினிக்கு மாற்றினால், அங்கே கட்டாயம் இழப்பில்லாத முறையில் பதியுங்கள். முதலில் கசெற் செற்றின் தலையை ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சால் துடைத்து, உச்சங்கள் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்து, ஃபிளாக் ஆக வையுங்கள். அந்த நாடாவை இன்னொரு முறை ஓட்டக் கிடைக்குமோ தெரியாது. போனில் கேட்பதற்கான சின்னப் பிரதியை அதில் இருந்து எப்போதும் எடுக்கலாம்.

தூரத்தில் இருந்து சொல்ல முடியாதது ஒன்று: உங்கள் போனின் துவாரம் வெறும் வயர் மாற்றியை ஏற்குமா என்பது மொடலைப் பொறுத்தது. போனின் மொடலையும், அம்பின் பின்பக்கத் துவாரங்கள் தெரிய ஒரு படத்தையும் போட்டால், எந்த வயர், எந்த இடத்தில் என்று சரியாகச் சொல்லலாம்.